எட்டு மடங்கு மெதுவாய் ஓர் அலறல்

அலறல்!

மரச் சுவர்களில் மோதியது. கூரையைத் தொட்டது. சட்டென்று அறுந்தது.

ஒரு மனிதன் கடைசியாக எழுப்பிய ஒலி. சந்தேகமே இல்லை.

கைசா லாப்டாப்பை மூடினாள். தம்பெரே நகரக் குற்றப்பிரிவு அதிகாரி. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். இடது காலுறையின் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"இது யார் குரல், இல்போ?"

இல்போ குவளையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டான்.

மூன்று வருடம் முன்புவரை ராக் பாடகன். அவன் மேடையில் கத்தினால் ஆயிரம் பேர் திருப்பிக் கத்துவார்கள். இன்று தொலைக்காட்சிக்கு இசையமைக்கிறான். ஏரிக்கரையில் இருந்த பழைய சவுனா, அதாவது நீராவிக் குளியலறைதான், ஸ்டுடியோ. நீராவி போய்விட்டது, பிர்ச் இலை வாசனை மட்டும் போக மறுத்தது.

"சரி, நானே சொல்றேன்," என்றாள் கைசா. "நீங்க மியூசிக் போடற ஞாயித்துக்கிழமை சீரியல். அதோட டைட்டில் மியூசிக்ல, அடியில ஒண்ணு ஓடுதே... யாரோ தூக்கத்துல பெருமூச்சு விடற மாதிரி. எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதை எட்டு மடங்கு வேகமா ஓடவிட்டா, இது."

"யாரு... ஓடவிட்டது?"

"ஊலு நகரத்துல ஒரு ரசிகர். வேலை போயிடுச்சாம். பொழுது போகணுமில்ல?"



ஜன்னலுக்கு வெளியே நவம்பர் காலை, விடிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"தாப்பியோ," என்றான் இல்போ. "எங்க கிட்டாரிஸ்ட். ஸ்கூல்லேருந்து என் கூட இருந்தவன்."

"திறந்தவெளிக் கச்சேரி. மழை. ஒத்திகையில ஷாக் அடிச்சு செத்துட்டார். விபத்துன்னு ஃபைலை மூடினோம். ரெக்கார்டிங் எதுவும் இல்லைன்னு நீங்க சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அதுல நான் இருக்கேன்."

குவளையைக் கீழே வைத்தான். மூன்று வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, வாய் வரை வந்துவிட்டது.

"நான் மைதானத்து நடுவுல, சவுண்ட் மிக்சர் மேஜையில இருந்தேன். ரெக்கார்டர் பக்கத்துலயே ஓடிட்டிருந்துச்சு. அவன் மேடையில. 'டேய், மைக் உதட்டைக் கடிக்குது, லேசா ஷாக். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்ல எர்த் போச்சு போல, வந்து பாருடா'ன்னான். எழுந்துட்டேன். போன் வந்துச்சு."

"யாரு?"

"ஹன்னெலே. சீரியல் தயாரிப்பாளர். ஹெல்சிங்கியிலேருந்து பேசறேன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டேன். 'கடைசியா ஒரு தடவை கேக்கறேன், என் சீரியலுக்கு மியூசிக் போட வாங்க'ன்னாங்க. திரும்ப உக்காந்துட்டேன். அவனைப் பாத்து, 'இருடா'ன்னு கையைக் காட்டினேன். அவன் சிரிச்சுக்கிட்டே கிட்டாரைத் தொட்டான்... உதடு மைக்ல பட்டுது..."

இல்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த போனை எடுக்காம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

"அதைப் போய் ஏன் ட்யூன்ல சேர்த்தீங்க?"

"வாயைத் திறந்து சொல்லத் தைரியமில்லை. அதான் வாராவாரம் நாட்டுக்கே சொன்னேன். ஒருத்தருக்கும் கேக்கலை. விருது கொடுத்தாங்க."

"கவனக்குறைவால மரணம்னு கேஸ் வரலாம். ஜெயிலும் வரலாம்."

"வரட்டும். நாளைக்கு என் முதல் சினிமாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ரெக்கார்டிங். ஹன்னெலேவோட படம்தான். முடியாதுன்னு சொல்லிட்டு, உங்க கூட வந்துடறேன்."

"அவசரப்படாதீங்க. முதல்ல அந்த ஒரிஜினலைப் போடுங்க. முழுசா."

போட்டான்.

மழை. தாப்பியோவின் குரல். போனில் ஹன்னெலே. கிட்டாரின் ஒரு தந்தி. அலறல்...

அடுத்த நொடியே, இன்னொரு அலறல். அதே குரல். கொஞ்சம் கரகரப்பாக.

"ரெண்டாவது என்ன?"

"எதிரொலி. மெதுவாக்கினப்ப அசிங்கமா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

கைசா நிமிர்ந்தாள்.

"எதுல மோதின எதிரொலி?"

"ஏதோ சுவர்ல..."

"அது புல்வெளி, இல்போ. கண்ணுக்கெட்டின தூரம் ஒரு சுவர் கிடையாது."

இல்போ மறுபடி போட்டான். மழைக்குள் ஒரு காசைத் தேடுபவன்போல் கண்ணை மூடிக் கேட்டான். ஒரு தந்தி மயிரிழை இறங்கினாலும் கண்டுபிடிக்கும் காது அது. ஆனால் இத்தனை நாளும் முதல் அலறலோடு நின்றுவிட்டிருந்தது. தாண்டத் தைரியமில்லை.

இன்று தாண்டியது.

"ரெண்டாவதுல... மழை வேற மாதிரி விழுது," என்றான் மெல்ல. "தகரத்து மேல."

"உங்க தலைக்கு மேல என்ன இருந்துச்சு?"

"துணிக் கூடாரம். தகரம் மேடைக்குப் பின்னாடி மட்டும்தான்..."

நிறுத்தினான். 

"ரெண்டாவது, என் போன்லேருந்து வருது!"

"ஆமா. ஹெல்சிங்கியில இருந்தவங்களுக்குத் தகரக் கூரை சத்தம் எப்படி வந்துச்சு? தாப்பியோ அலறினது அவங்க பக்கத்துலயும் கேட்டிருக்கே? மேடைக்குப் பின்னாடிதான் நின்னிருக்காங்க." கைசா முன்னால் சாய்ந்தாள். "அன்னிக்கு ஆம்ப்ளிஃபயர்ல எர்த் ஒயர் கழண்டிருந்துச்சு. பழைய ஆம்ப்ளிஃபயர்னு விட்டுட்டோம். கழட்டின ஆளு, நீங்க அதைப் பாக்க எழுந்ததும் உங்களுக்கு போன் பண்ணி உக்கார வெச்சிருக்காங்க."

"அவனை எதுக்கு? அவங்க ரெண்டு பேரும் பேசினதுகூட இல்லை."

"அதுக்கு முன்னாடி அவங்க கூப்பிட்டப்ப, என்ன சொல்லி மறுத்தீங்க?"

இல்போ குனிந்து ரெக்கார்டிங்கை நிறுத்தினான்.  ஆயிரம் பேரைக் கத்த வைத்த தொண்டை இப்போது முணுமுணுத்தது.

"தாப்பியோ உயிரோட இருக்கற வரைக்கும்," என்றான், "எங்க மியூசிக் பாண்டை விட்டு வரமாட்டேன்னு."

கைசா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"சும்மாதான் சொன்னேன். முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்ல வேண்டாமேன்னு."

கைசா போனை எடுத்தாள். "ஹன்னெலேவைப் பிடிங்க. வீட்டுல இல்லைன்னா ஆர்க்கெஸ்ட்ரா ஹால்ல இருப்பாங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள். வாசலுக்குப் போய்க் குனிந்து பூட்ஸை மாட்டினாள்.

"அப்ப... நான் குற்றவாளி இல்லையா?"

"ரெக்கார்டிங்கை மறைச்சதுக்குக் கேஸ் உண்டு."

"மத்ததுக்கு? நான் சும்மா சொன்ன அந்த வார்த்தைக்கு?"

"அதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்லை, இல்போ. நீங்களேதான் பாத்துக்கணும்."

கதவைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. படியில் நின்று திரும்பினாள்.

"சினிமா சான்ஸுக்காக உயிரை விடற பாடகர்களைப் பாத்திருக்கேன். பாடகருக்காக உயிரை எடுத்த தயாரிப்பாளரை இப்பத்தான் பாக்கறேன்."