மாடியறையில் சொல்ல வேண்டிய பெயர்

தோல் பதனிடும் டிரம்கள் சுழலும் கனத்த முழக்கத்தையும் மீறி ஒரு சிரிப்பு கேட்டது. தரம் பிரித்துக்கொண்டிருந்த தோலின்மேல் சுப்பராயனின் கை அப்படியே நின்றது. பேரணாம்பட்டின் அந்தத் தோல் தொழிற்சாலைக்குள் யாரும் சிரிப்பதில்லை.

"இன்னா சுப்பராயண்ணே, மொதலாளி கீழ எறங்கி மூணு மாசமாவுது. மாமியார் வூட்டுக்குப் போய்ட்டாரா?" என்றார் எதிர்மேசை ரஃபி அகமது, சிரித்துக்கொண்டே.

"பாய், வாய மூடுங்க."

ஆனால் பக்கத்து மேசை ஹலீமா பீ நிமிர்ந்துவிட்டாள். சுப்பராயன் அதைக் கேட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

முதலாளி வகுத்த சட்டம் எளியது. அவரைப் பழித்தவன் பெயரை, கேட்டவன் மாடியறைக்குப் போய்த் தலை குனிந்தபடி சொல்ல வேண்டும். இறங்கிவந்து காவலாளியிடமும் சொல்ல வேண்டும். பழித்தவனுக்கு மறுநாள் வாயிற்கதவு திறக்காது. மறைத்தவனுக்கும் அதே கதி.

இருபது ஆண்டுகள் மதியச் சோற்றைப் பங்கிட்டு உண்ட ரஃபியின் பெயரை நாவில் சுமந்தபடி, சுண்ணாம்பும் ஈரத்தோலும் நாறும் இருண்ட படிகளில், ஒவ்வொரு பலகையும் தன்னையே காட்டிக்கொடுப்பதுபோல் முனக, சுப்பராயன் ஏறினார். கதவைத் தள்ளினார். தலை குனிந்தார். மேசைக்கடியில் கறுத்த காலணிகள்.

"சார்..."

பெயர் வரவில்லை. ரஃபிக்காக மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம். அதற்காக, முதன்முறையாக, தலையை உயர்த்தினார்.

நாற்காலியில் முதலாளி இருந்தார். வெயிலில் மறந்து விடப்பட்ட தோல்போல் முகம் சுருங்கிப் பற்களின்மேல் விறைத்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் குழிகள்.

தோல் ஆலையில் இந்த நாற்றத்தை யார் பிரித்தறிவார்? மூன்று மாதம். எத்தனை பேர் ஏறி வந்தார்கள். எத்தனை பெயர்கள்.

விழுந்தடித்து இறங்கினார்.

"செத்துட்டாருய்யா! மேல ஆளே இல்ல! நாமதான்... நாமளேதான் ஒருத்தர ஒருத்தர்..."

கைகள் நின்றன. ஒருவரும் மாடியைப் பார்க்கவில்லை.

"மெல்லப் பேசுங்கண்ணா," என்றாள் ஹலீமா பீ. "அவருக்குக் கேட்டுடும்."

"வந்து பாரும்மா! ஒரு தடவ தலைய தூக்கிப் பாரு!"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின் ஒருவர். பின் இன்னொருவர். முண்டியடிக்காமல். வரிசையாக. தலை குனிந்து.

எல்லோருக்கும் முன்னால், ரஃபி ஏற்கெனவே ஏறியிருந்தார்.

மேலே கதவு கிரீச்சிட்டது. ரஃபியின் குரல், மிகுந்த மரியாதையோடு:

"சுப்பராயன், சார்."

வரிசை ஒரு படி முன்னேறியது.