கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும்

"இதை நான் காப்பி எடுத்துத் தர மாட்டேன்."

தமிழ் டீச்சருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மழைக்கு ஒதுங்கின மாதிரியும் ஆச்சு, வேலை முடிந்த மாதிரியும் ஆச்சு என்றுதான் பள்ளிக்கு எதிரேயிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாள். கவுண்டருக்குப் பின்னால் நின்றவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும். பெரிய கண்கள்... கோபமா, குறும்பா என்று பிடிபடாத கண்கள்.

"ஏன், மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. 'பெயர் போடாத கவிதைகள்'னு மேலே நீங்களே எழுதியிருக்கீங்க. கையெழுத்தை அப்படியே காப்பி போட்டு வகுப்புல கொடுத்தா, எது யார் எழுதினதுன்னு பசங்களுக்குத் தெரியாதா?"

டீச்சருக்குப் பகீரென்றது. பெயர் வெளியே தெரியாது, பயப்படாமல் எழுதுங்கள் என்று வாக்குக் கொடுத்தவளே அவள்தான். பிள்ளைகளும் நம்பி எழுதிவிட்டார்கள். அம்மா ஏன் எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறாள் என்று ஒருத்தி. சாக்கடை அள்ளும் அப்பா பஸ்ஸில் உட்கார்ந்ததும் காலியாகும் பக்கத்து இருக்கையைப் பற்றி ஒருவன். தோழி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு மறந்துபோவதைப் பற்றி இன்னொருத்தி... அது யாரென்று வெளியே தெரிந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்?

"உட்காருங்க. நீங்க வாசிங்க, நான் டைப் பண்றேன்."

வெளியே மழை கொட்டியது. உள்ளே அந்த விரல்கள் பறந்தன. டீச்சர் வரிகளைவிட விரல்களைத்தான் அதிகம் பார்த்தாள்... மூச்சு மறந்த கவிதை வந்ததும் விரல்கள் நின்றன. அவள் எட்டித் தாளைப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழே 'நல்ல கற்பனை'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா..."

"ஒரு பொண்ணு துணிஞ்சு மனசைத் திறந்திருக்கா. கற்பனைன்னு சொல்லி மூடிட்டீங்களே டீச்சர். எனக்கும் பதினாறு வயசுல ஒரு டீச்சர் இப்படித்தான் 'கற்பனை'ன்னு எழுதிக் கொடுத்தாங்க."

சுருக்கென்று தைத்தது. "எப்படித் திருத்தணும்னு எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். எல்லாம் அச்சாகி வந்ததும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மழையில் இறங்கி நடந்தாள்.

நாலு நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கோபம் யார் மேல் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அக்கா வரன் பார்க்கும்போதெல்லாம் "இப்ப வேண்டாம்" என்று நழுவுகிறவள்தானே அவள்... தன் பயத்தைத்தான் அந்தச் சின்னப் பெண்ணின் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் வகுப்பில் அந்தக் கவிதையை அவளே வாசித்தாள். "இதைக் கற்பனைன்னு எழுதினது என் தப்பு. எழுதினவங்க என்னை மன்னிக்கணும். இந்த அன்புல ஒளிக்க ஒண்ணுமே இல்லை." எழுதியவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மிஸ், இன்னொரு தடவை படிங்க" என்றது.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனாள்.

"என்ன டீச்சர், வழி மறந்துபோச்சோன்னு நினைச்சேன்."

"நன்றி சொல்ல வந்தேன்."

"டைப் பண்ணினதுக்கா?"

"அதுக்கும்தான். என்னைத் திட்டினதுக்கும். நீங்க மட்டும் அன்னிக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தா..." கவுண்டரை நெருங்கி நின்றாள். "எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்னு மத்தியானம் அக்காகிட்ட போன்ல சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"போனை வச்சுட்டா. பத்து நிமிஷம் கழிச்சு அவளே கூப்பிட்டு, 'சாப்பிட்டியாடி'ன்னு கேட்டா."

இருவருக்கும் கண் கலங்கி, சிரிப்பும் வந்தது.

"நாலு நாளா ஏன் வரலைன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள் டீச்சர். "வந்தா உளறிடுவேன்னு பயம்... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அந்தப் பெரிய கண்கள் இமைக்கவில்லை. பின்னால் வந்து நின்ற ஒருவர், "அம்மா, அவசரமா பத்து காப்பி" என்று தாளை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் அவள், டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டே. "நான் நாலு நாளா காத்துக்கிட்டிருக்கேன்."