நல்லம்மாவைக் கொண்டுபோய் விட்ட வீடு

அன்று காலையும் விஜயலெட்சுமி மாமியாருக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டாள். மாமியார் நல்லம்மாவைப் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் ஜெயகுமார் அந்தக் கோப்பையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"யாருக்கு இது?"

"கூப்பிட்டாங்க... அதான்."

"அம்மா இங்க இல்ல விஜி. இருந்தப்ப பாத்த லட்சணம் போதும்."

அவன் போய்விட்டான். அம்மா இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் மூடுபனி தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் வந்து நிற்கிற அந்த வேளையில், உள்ளறையிலிருந்து 'விஜி...' என்று ஒரு குரல் தினமும் வந்தது. யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று பயந்து கூப்பிடுகிற குரல். போய்ப் பார்த்தால் கட்டில் வெறுமையாகக் கிடக்கும். தலையணை மட்டும் குளிர்ந்து ஈரமாக இருக்கும்.

மாமியாருக்காகவே அவள் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியவள். குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்து ஆண்டுகளாகப் பார்த்தவள். தீபாவளிக்கு வந்த நாத்தனார் சுதர்ஷினி, தாயின் கையில் விரல் பதிந்து நீலம் பாரித்திருந்ததைக் கண்டாள். இது யார் செய்த வேலை என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பேசவில்லை. அந்த மௌனமே குற்றமாகிவிட்டது. மறுவாரமே சுதர்ஷினி வேன் கொண்டுவந்து தாயை ஏற்றிப் போனாள்.

அவள் எப்படிப் பேசுவாள்? நல்லம்மாவுக்குச் சில நேரம் நினைவு தடுமாறியது. அப்போதெல்லாம் பிடித்து நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. தெளிவாக இருந்த ஒரு நாளில் கிழவி மருமகளின் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் புத்தி பெரண்டு வருதுடி. புள்ளைங்களுக்கு மட்டும் தெரிய வேணாம். அவங்க கண்ணுக்கு நான் நல்லபடியாவே இருந்துட்டுப் போறேன்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயலெட்சுமி யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி இல்லத்துக்குப் போனாள். வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களா அது. தரை பளபளத்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நீண்ட மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் முடி கத்தரித்த ஒரு கிழவி, ஒரே நிறச் சட்டையில், ஒரே பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பகல் நேரம். ஒருத்திகூட இருமவில்லை, புரளவில்லை.

"நம்ம ஆக்கள் சத்தமே போட மாட்டாங்க" என்றாள் பொறுப்பாளர் அம்மா, சிரித்துக்கொண்டே.

நல்லம்மாவின் கண்கள் திறந்துதான் இருந்தன. விஜயலெட்சுமி குனிந்து "மாமி..." என்றாள். வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது.

"நான் இங்க இல்லடி. வீட்டுலதான் இருக்கேன்... ஏன் தேத்தண்ணிய வச்சிட்டுக் குடுக்காமப் போயிட்ட?"

விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, அங்கே வேலை செய்யும் றுஷ்தா என்ற பெண் வாளியோடு அவளைக் கடந்தாள். நிற்காமலே தாழ்ந்த குரலில், "பாக்க விடுற நாள்ல வராதீங்கக்கா. வேற நாள் பின்பக்கமா வாங்க. அவங்க மகளையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஜயலெட்சுமி நேரே பதுளை டவுனில் இருந்த சுதர்ஷினி வீட்டுக்குப் போனாள். சுதர்ஷினி அவளை உள்ளே கூப்பிடவில்லை. பார்த்த லட்சணம் போதாதா, நல்ல இடத்தில் நிம்மதியாக இருக்கிறவளையும் விட மாட்டீர்களா என்று வாசலிலேயே வைத்துக் கொட்டித் தீர்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விஜயலெட்சுமி சொன்னாள்:

"அங்க என்னமோ சரியில்ல. என்னய நம்ப வேணாம் சுதா. ஒரு தடவ கண்ணால பாரு. நான் சொல்றது பொய்யின்னா, அதோட ஒங்க யாரு மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

அண்ணியின் பொய்யைப் பிடித்துவிடலாம் என்றுதான் சுதர்ஷினி கிளம்பினாள்.

அது வேலை நாள், பிற்பகல். வானம் கறுத்துக் கிடந்தது. றுஷ்தா பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டிருந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுதர்ஷினியின் கால்கள் நின்றுவிட்டன.

கிழவிகள் எல்லோரும் விழித்திருந்தார்கள். கிழித்த சேலைத் துண்டுகளால் அவர்கள் மணிக்கட்டுகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. எல்லோருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன... சத்தம் மட்டும் இல்லை. யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அந்த மண்டபம் முழுக்க, ஓசையில்லாமல்.

"சத்தம் போட்டா தூக்க மருந்து குடுப்பாங்க" என்றாள் றுஷ்தா. "அதான் இப்பிடிப் பழகிக்கிட்டாங்க. ஆக்கள் பாக்க வர்ற ஞாயிறுல எல்லாருக்கும் குடுத்துருவாங்க."

சுதர்ஷினி தாயின் கட்டிலுக்கு ஓடினாள். தன் பெயரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து உதட்டருகே காதை வைத்தாள். 'விஜி... விஜி...' என்று மூச்சு மட்டும் வந்தது. சுதர்ஷினி கட்டை அவிழ்த்தாள்.

அந்த நேரம் மழை கொட்டத் தொடங்கியது.

நல்லம்மா விருட்டென்று எழுந்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "மண்ணு வருது... தங்கச்சி வாசல்ல நிக்கிறா, நனையிறா, கூட்டிட்டு வரணும்" என்று கதவை நோக்கிப் பாய்ந்தாள். அவள் தங்கை மீரியபெத்தயில் மண் சரிந்த நாளில் புதைந்து செத்துப் போனவள். சுதர்ஷினி பதறிப்போய்த் தாயின் கையை எட்டிப் பிடித்தாள். கிழவி திமிறினாள். விட்டால் படியில் உருண்டிருப்பாள். சுதர்ஷினி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விஜயலெட்சுமி வந்து மாமியாரை நெஞ்சோடு அணைத்து, "நான் போய்க் கூட்டிட்டு வாறேன் மாமி, நீங்க உக்காருங்க" என்று முதுகைத் தடவியபிறகுதான் அடங்கினாள்.

சுதர்ஷினி கையை எடுத்தாள். தாயின் மெல்லிய தோலில் அவளுடைய ஐந்து விரல்களும் சிவந்து பதிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடம் நீலம் பாரிக்கத் தொடங்கியது.

அவள் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல? ஒரு வார்த்த..."

"ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மாமி சத்தியம் வாங்கிட்டாங்க. நீயே பாத்துட்ட, நான் சொல்லல."

மாமியாரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் காலடியில் சுதர்ஷினி சரிந்து மடியில் முகம் புதைத்து அழுதாள். விஜயலெட்சுமியின் கண்களும் அப்போதுதான் நிறைந்தன.

பொறுப்பாளர் அம்மா ஓடி வந்தாள். விழுந்துவிடுவார்கள் என்றுதான் கட்டுகிறோம் என்றாள். அண்ணியும் நாத்தனாரும் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கட்டுகளை அவிழ்த்தார்கள். பிறகு அந்தக் கிழவிகளின் உறவுகளைத் தேடித் தேடிச் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தார்கள். பல மாத அலைச்சலுக்குப் பிறகு அந்த வீடு பூட்டப்பட்டது.

கட்டவிழ்த்த அன்றே நல்லம்மா லயத்துக்குத் திரும்பிவிட்டாள். சுதர்ஷினி சொல்லி எல்லாம் தெரிந்துகொண்ட ஜெயகுமார் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, முடியாமல், தாயின் கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தானே ஊட்ட உட்கார்ந்தான். சுதர்ஷினி லீவு கிடைக்கிறபோதெல்லாம் வந்து தங்கினாள். 'நீங்க படுங்கண்ணி' என்று விஜயலெட்சுமியை வலுக்கட்டாயமாகப் பாயில் தள்ளுவாள்.

அப்படி ஒரு நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. நல்லம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "வாசல்ல நிக்கிறா..." விஜயலெட்சுமி வழக்கம்போலக் கதவைத் தாழிட எழுந்தாள். சுதர்ஷினி அவளைத் தடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்தாள். வெளியே மூடுபனியும் மழையும்தான்.

"நனையாதீங்க சின்னம்மா. உள்ள வாங்க" என்றாள்.

சில்லென்று ஒரு காற்று உள்ளே வந்தது. விளக்கு ஒருமுறை தாழ்ந்து எரிந்தது. சுதர்ஷினி கதவைச் சாத்தினாள்.

நல்லம்மாவின் முகம் தெளிந்தது. அவள் கட்டிலில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.