கரண்டி வைக்கும் வரை தேநீர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'ஊர் சுற்றும் நாள்' என்று ஒன்று உண்டு. அன்றைக்கு யாரும் எங்கேயும் போவதில்லை. எங்கள் ஊரான தோர்ண்டன் ஹீத்தை விட்டு ஓர் அடிகூட நகராமல், பெரிய மண்டபத்துக்குள்ளேயே உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்.

அது எப்படி என்றால், ஒவ்வொரு குழுவும் மண்டபத்தில் ஓர் ஊரைச் செய்து வைக்கும். மற்றவர்கள் பயணிகளாக வருவார்கள். ஒவ்வொரு பயணியின் கையிலும் ஒரே ஒரு காகிதக் கொடி இருக்கும். எந்த ஊருக்குத் திரும்பவும் போக ஆசையோ, அந்த ஊரில் அவர் கொடியைக் குத்திவிட்டுப் போகலாம்.

அதிகக் கொடி வாங்கும் ஊரை விளையாட்டுத் திடலின் நீளச் சுவரில் ஓவியமாகத் தீட்டுவார்கள். அந்தச் சுவரைத் தாண்டாமல் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் வரவும் முடியாது, போகவும் முடியாது. அதனால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண்.

எங்கள் வகுப்பாசிரியை மிஸ் ஹியூஸ், என்னையும் லதீசனையும் சைனப்பையும் ஒரு குழுவில் போட்டார். லதீசன் எங்கள் தெருக்காரன். எதையும் யோசிப்பதற்கு முன்னாலேயே செய்து முடித்துவிடுவான். சைனப் இந்த வருடம்தான் ஈராக்கிலிருந்து வந்து சேர்ந்தவள். ஆங்கிலம் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் வெளியே விடுவாள். அதற்குள் கேட்பவர்கள் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

"சைனப்பின் ஊரையே செய்வோமே" என்றேன் நான்.

சைனப் தலையைக் குனிந்தாள். "என் ஊர் சிபாயிஷ். சின்ன ஊர். யாருக்கும் தெரியாது."

"தெரிந்த ஊருக்கு ஏன் பயணம் போக வேண்டும்?"

லதீசனோ அதற்குள் அட்டையை வெட்ட ஆரம்பித்துவிட்டான். "ஈராக் எண்டால் மணல்தானே மேனு. ஒட்டகம் நான் செய்யிறன்" என்றான் என்னிடம் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சைனப்பிடம், "மணல் எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டான்.

"மணல் இல்லை" என்றாள் சைனப். "தண்ணீர்."

லதீசனின் கத்தரிக்கோல் பாதி ஒட்டகத்தில் நின்றது.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் சைனப் வீட்டுக்குப் போனோம். புறப்படும்போதே அம்மா வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஆக்களின்ரை வீட்டை போறாய், பிள்ளை. தாறதை வேண்டாம் எண்டு சொல்லாதை. கோப்பையிலை மிச்சம் விடாதை. விட்டால், பிடிக்கேல்லை எண்டு நினைப்பினம்."

"ஓம் அம்மா" என்றேன். இதை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். லதீசன் வீட்டிலும் இதே பாட்டுத்தான்.

சைனப் வீட்டில் நாற்காலி இல்லை. கம்பளம் விரித்து, சுவர் ஓரமாகத் திண்டுகள் போட்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் அவள் அம்மா தேநீர் கொண்டுவந்தார். இடுப்புச் சிறுத்த குட்டிக் கண்ணாடிக் குவளை. பிடி கிடையாது. அடியில் சீனி, மேலே ஏலக்காய் வாசம். பக்கத்தில் பொம்மைக்கு வைத்தது போல் ஒரு சின்னக் கரண்டி.

நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். சைனப்பின் அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன். மறுபடி ஊற்றினார்.

சைனப் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சொற்கள் தாராளமாக வந்தன. ஊரைச் சுற்றிலும் தண்ணீர். கடைக்குப் போவதற்கும் ஒல்லியான நீளப் படகு. நாணலைக் கட்டுக்கட்டாக வளைத்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் வீடு கட்டுவார்கள். எருமைகள் காலையில் நீந்திப் போய் மேய்ந்துவிட்டு, மாலையில் நீந்தித் தங்கள் வீடுகளுக்கே திரும்பி வரும்.

"ஊரில் ஒரு பெரிய நாணல் வீடு இருக்கும்" என்றாள் சைனப். "அது விருந்தாளிகளுக்கு. யார் வேண்டுமானாலும் வரலாம். நீ யார், எதற்கு வந்தாய் என்று முதலில் கேட்க மாட்டார்கள். முதலில் தேநீர்."

எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் தேநீர் தளும்பியது.

"மேனு, இனி ஏலாது" என்று லதீசன் என் காதில் முனகினான். "வயிறு வெடிக்கப் போகுது."

"குடி. மிச்சம் விடாதை."

"குடிக்கக் குடிக்க ஊத்துறாவே!"

"சத்தம் போடாமல் குடி."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு சைனப் கேட்டாள். "ஏன் இவ்வளவு குடிக்கிறீர்கள்?"

"உன் அம்மா ஏன் இவ்வளவு ஊற்றுகிறார்?"

"விருந்தாளியின் குவளை காலியாக இருந்தால் ஊற்றாமல் எப்படி?"

"குவளையில் மிச்சம் வைத்துவிட்டு எப்படி எழும்புவது?"

சைனப் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவள் தன் கரண்டியை எடுத்துக் குவளையின் வாய்க்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள். "எங்கள் வீட்டில் இப்படி வைத்தால் போதும் என்று அர்த்தம்."

லதீசன் பாய்ந்து கரண்டியைக் குறுக்கே வைத்தான். சைனப் அரபியில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

படி இறங்கும்போது சைனப் மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கு எப்போதும் ஊர் நினைப்புத்தான். தினமும் என்னைக் கூட்டிப்போக அந்தச் சுவர் வழியாகத்தான் வருவார்."

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சுவர் எங்களுக்கு வேண்டும்.

காகித உறிஞ்சுகுழாய்களை நூலால் கட்டி வளைத்து நாணல் வீடு செய்தோம். நீலத் துணி விரித்துத் தண்ணீர் வைத்தோம். லதீசனின் ஒட்டகங்கள் திமிலை இழந்து, கொம்பு முளைத்து, எருமைகள் ஆகிவிட்டன. கழுத்துதான் கொஞ்சம் நீளம்.

ஊர் சுற்றும் நாளும் வந்தது. எங்களுக்குக் கிடைத்த இடம் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மூலை. ஒரு பக்கம் டோக்கியோ, விளக்கு மின்னுகிறது. மறுபக்கம் ரியோ, மேளம் காதைப் பிளக்கிறது. எங்கள் மேசையில் சிபாயிஷ் அமைதியாக இருந்தது.

பயணிகள் வந்தார்கள். அதாவது, எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஒரு பையன் எட்டிப் பார்த்தான். "பாலைவனம் எங்கே?"

"பாலைவனம் இல்லை. எங்கள் ஊர்..." என்று சைனப் தொடங்கினாள். அவன் டோக்கியோவுக்குப் போய்விட்டான்.

ஆறாம் வகுப்பு அக்கா ஒருத்தி வந்தாள். "ஈராக்கா? அங்கே சண்டைதானே? யார் போவார்கள்?" என்றாள். சைனப் வாயைத் திறப்பதற்குள் அவளும் போய்விட்டாள்.

கொடி குத்துவதற்காக நாங்கள் வைத்திருந்த பஞ்சுத் துண்டு மொட்டையாக இருந்தது. சைனப் தான் எழுதி வைத்திருந்த அட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மேனுஷா, பெற்றோர் வரும் நேரமாகிறது. அம்மா பார்ப்பதற்குள் இதை எடுத்து வைத்துவிடலாம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுதால் மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. அதனால் அழாமல், எங்கள் ஊரை ஒரு பயணியைப் போல முன்னால் நின்று பார்த்தேன்.

மேசைக்குப் பின்னால் சைனப்பும் லதீசனும் நின்றார்கள். ஏதோ கடை போலத் தெரிந்தது. கடையில் யாரும் பார்த்துவிட்டுப் போகத்தானே செய்வார்கள்? சைனப் வீட்டில் எங்களை யாரும் மேசைக்கு முன்னால் நிற்க வைக்கவில்லையே!

"லதீசன், மேசையைப் பிடி. ஓரமாய் வைப்பம்."

"என்னத்துக்கு?"

"பிறகு சொல்லுறன். இப்ப பிடி."

உடற்பயிற்சிப் பாய்களை இழுத்து வந்து தரையில் விரித்தோம். நாணல் வீட்டை நடுவில் வைத்தோம். எல்லாம் முடிந்தபின் நாங்கள் குடிப்பதற்காக சைனப்பின் அம்மா குடுவைகள் நிறையத் தேநீரும், துணியில் சுற்றிய குட்டிக் குவளைகளும் கொடுத்துவிட்டிருந்தார். சூடாக இருக்கக் கூடாது என்பது மிஸ் ஹியூஸின் கண்டிப்பு. தேநீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"சைனப், நீ ஊற்று. குவளை காலியானால் திரும்ப ஊற்று. ஊற்றிக்கொண்டே சொல்லு. கரண்டி விஷயத்தை மட்டும் கடைசியில் சொல்லு."

சைனப்புக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று. புரிந்ததும் அட்டைகளை வெளியே எடுக்கவில்லை. நேராகக் குடுவையைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் மிஸ்டர் ஓஸ்போன் சமையலறைப் பக்கம் வேகமாக வந்தார். அவர் எப்போதும் வேகமாகத்தான் வருவார்.

"சேர், எங்கள் ஊருக்கு வாருங்கள்!" என்று நான் வழியை மறித்தேன்.

"ஒரு நிமிடம்தான், மேனுஷா. என்ன ஊர் இது?"

"முதலில் உட்காருங்கள்" என்றாள் சைனப். "முதலில் தேநீர்."

அவர் முழங்கால் சத்தம் போட, பாயில் உட்கார்ந்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அருமை!" என்று எழும்பப் பார்த்தார். சைனப் ஊற்றினாள். நிறைந்த குவளையோடு எப்படி எழும்புவது? மறுபடி உட்கார்ந்தார்.

"எங்கள் ஊரில் எருமை நீந்தும்" என்றாள் சைனப்.

"அப்படியா?" என்று குடித்தார். அவள் ஊற்றினாள். "மாலையில் தானே வீட்டுக்கு வரும்." குடித்தார். ஊற்றினாள். கதையில் நாணல் வீடு வந்தது, படகு வந்தது. எருமைப் பாலின் ஏடும் பேரீச்சம் பாகும் ரொட்டியோடு வந்தன. சைனப் சொற்களைச் சரிபார்க்கவில்லை. அவசரமே இல்லை. கேட்பவர் எங்கே போய்விடப் போகிறார்?

தலைமையாசிரியர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை டோக்கியோவிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். கூட்டம் திரண்டு வந்தது. அந்த ஆறாம் வகுப்பு அக்காவும் வந்தாள்.

"வாங்கோ, வாங்கோ! முதலில் தேநீர்!" என்று லதீசன் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூவினான். ரியோ மேளக்காரர்கூட மேளத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சைனப்" என்றார் தலைமையாசிரியர், கொஞ்சம் பரிதாபமாக. "தேநீரை எப்படி நிறுத்துவது?"

"எருமைக் கதையை முடித்துவிட்டுச் சொல்கிறேன், சேர்."

பாய் முழுவதும் சிரிப்பு வெடித்தது. மிஸ்டர் ஓஸ்போன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

அப்போது பெற்றோருக்காகக் கதவு திறந்தது. என் அம்மாவும் சைனப்பின் அம்மாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். சைனப்பின் அம்மா அந்தக் கூட்டத்தையும், நடுவில் நின்று கதை சொல்லும் மகளையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. உடனே குடுவையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா குடித்தார். அவர் ஊற்றினார். அம்மா குடித்தார். அவர் ஊற்றினார். ஒருவர் மிச்சம் விடாதவர், மற்றவர் காலியாக விடாதவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"பிள்ளை" என்று அம்மா என் சட்டையை இழுத்தார். "இந்த மனிசி விடுறா இல்லை. என்ன செய்யிறது?"

"நீங்கள்தானே மிச்சம் விடாதை எண்டு சொன்னனீங்கள்!"

கரண்டி ரகசியத்தை நான் அம்மாவிடம் சொன்னேன். உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து.

மத்தியானம் மணி அடித்தபோது எங்கள் பஞ்சுத் துண்டில் கொடி குத்த இடமில்லை. நாணல் வீட்டின் கூரையிலும் எருமைகளின் முதுகிலும் குத்தியிருந்தார்கள். ஆறாம் வகுப்பு அக்கா தன் கொடியைச் சைனப்பின் கையிலேயே கொடுத்தாள். "நான் நிஜமாகவே போவேன்" என்றாள்.

மிஸ் ஹியூஸ் மேடையேறி, "சிபாயிஷ்!" என்று சொன்னதும், லதீசன் நீளக் கழுத்து எருமையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடினான். சைனப் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் விடச் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு முன் சுவர் தயாராகிவிட்டது. நீலத் தண்ணீர், நாணல் வீடு, ஒல்லிப் படகு, வரிசையாக எருமைகள். சைனப்பின் அம்மா அன்று மாலை வந்து நெடுநேரம் அங்கேயே நின்றார். நாணல் வீட்டின் வாசலில் கையை வைத்து, மகளிடம் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று லதீசன் ஆவலாகக் கேட்டான்.

"இவ்வளவு நீளக் கழுத்துள்ள எருமை எங்கள் ஊரில் இல்லையாம்" என்றாள் சைனப். "மற்றதெல்லாம் அப்படியே எங்கள் ஊர்தானாம்."

பிறகு அவர் எங்கள் மூவரையும் தேநீர் குடிக்க வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

நான் குவளையைக் காலி செய்துவிட்டுச் சின்னக் கரண்டியைக் கையில் எடுத்தேன். சைனப்பின் அம்மா குடுவையோடு என்னைப் பார்த்தார். சைனப் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

கரண்டியைக் குறுக்கே வைக்காமல், மெல்லத் தட்டிலேயே போட்டுவிட்டுக் குவளையை நீட்டினேன்.