அசையாத சதுரங்கள்

வெள்ளைச் சுவர் அசைந்தது. கண்ணுக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு.

ஹப்சிகுடா பகுதியில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், மதியம் ஒன்றரை மணிக்கு, ஏசியின் முனகலும் யுபிஎஸ் பேட்டரியின் புளித்த வாடையும் கீழிருந்து ஏறிவந்த டால்டா மணமும் கலந்த காற்றில், ஜெயச்சந்திரன் தயிர்சாதம் சாப்பிட்டபடி மனைவியை டெஸ்ட் செய்துகொண்டிருந்தான். மூன்று வருடமாக அவள்தான் அவனை டெஸ்ட் செய்கிறாள். இது ஒரு மாறுதலுக்கு.

ஒரு மொபைலின் வீடியோவை இன்னொரு மொபைலுக்குப் புரிகிற விதமாக நடுவில் மாற்றித் தரும் சர்வர் அவன் பொறுப்பு. இரண்டு விநாடி தாமதம். திங்கட்கிழமைக்குள் அது கால் விநாடி ஆகாவிட்டால் வேறு வேலை தேடலாம் என்று மேனேஜர் கிருஷ்ணபிரசாத் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் நேற்று ஒரு குறுக்குவழி எழுதினான். படத்தைச் சதுரங்களாக வெட்டு. அசைந்த சதுரத்தை மட்டும் மாற்று. அசையாததற்குப் பழைய படத்தையே ஒட்டு. ரொம்ப மெதுவான அசைவையும் அசையாத கணக்கிலேயே சேர். யாருக்குத் தெரியப்போகிறது? அசைந்த சதுரங்கள் அவன் திரையில் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

மல்லாபூர் வீட்டில் மனைவி வேதவல்லி போனைச் சாம்பார்பொடி டப்பாவில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், வெறும் சுவரில், ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சதுரங்கள்.

"வேதா, பின்னாடி ஏதாவது ஆடுதா? ஃபேன் ஓடுதா?"

"கரெண்ட் போயி ஒரு மணி நேரமாச்சு. ஏன், என் மூஞ்சி போதாதா?"

பக்கத்து சீட் சபீனா எட்டிப் பார்த்தாள். "நக்கோ சார், வேண்டாம், கட் பண்ணிடுங்க. அது நிக்கிற மாதிரி இருக்கு."

"பக்மா அது, புரோகிராம்ல ஏதோ தப்பு. நான் எழுதின புரோகிராமுக்குப் பேய்கூட வராது."

அந்த ஜோக்கை வேதவல்லிக்கும் சொன்னான். அவள் சிரித்தாள். அவன் ஜோக்குக்கு அவள் சிரிப்பது அபூர்வம் என்பதால் இன்னொன்று சொன்னான். சிரித்த முகம் மாறவில்லை. "ம்" என்றாள். இன்னொன்று. "ம்."

தாமதம் இறங்கியது. ஒரு விநாடி. அரை. கால். அதிலும் பாதி.

"சபீனா, வேலை தப்பிச்சது."

அப்புறம்தான் யோசித்தான். எப்படி இவ்வளவு வேகம்? மாற்றவேண்டிய சதுரங்கள் குறைந்திருந்தன. அவள் முகத்தில் ஒன்றுகூட இல்லை.

மனிதர்கள் கண் சிமிட்டுவார்கள். சிமிட்டினால் சிவக்கும்.

முகம் கடைசியாகச் சிவந்தது ஒன்பது நிமிடத்துக்கு முன்னால்.

சுவர் இப்போது அமைதியாக இருந்தது. சிவப்பு அவள் தோளில் இருந்தது.

"வேதா. கண்ணைச் சிமிட்டு."

"ம்."

சிமிட்டவில்லை. வலது கை மட்டும் எழுந்து டாட்டா காட்டியது. கையெல்லாம் சிவப்பு.

"விளையாடாதே வேதா."

"ம்."

படம் முழுவதையும் புதிதாக வரவழைக்கும் பட்டன் ஒன்று உண்டு. விரல் அதன்மேல் நின்றது. தயிர் காய்ந்த விரல். அழுத்தினான்.

படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. சுவர். நாற்காலியின் முதுகு. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

அது கீழே இருந்தது. மார்பில் தொங்கிய தலை. அவன் எண்ணவேண்டாம் என்று எழுதிவைத்த வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்த தலை. உதடு நீலம்.

கை மட்டும் உயரத்தில். வளையல்கள் முழங்கைவரை தள்ளப்பட்டிருந்தன. மணிக்கட்டில் ஐந்து இடத்தில் தோல் குழிந்திருந்தது.

கை ஆடியது. இடம். வலம். இடம்.

"ம்."