வீரக்கழலும் மூன்று விளக்குகளும்

கொள்ளிடத்தின் வடகரையில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. மேற்கே சூரியன் விட்டுச் சென்ற செம்மை நீரின் மேல் துண்டு துண்டாய் மிதந்தது. கிழக்கே நாணற்காட்டுக்கு மேல் முழுநிலவு, துலக்காத வெண்கலத் தட்டைப் போல மங்கலாக எழுந்தது. கரை நெடுகிலும் கூடாரங்கள். கொசுக்களை விரட்ட மூட்டிய வேப்பிலைப் புகை அவற்றுக்கிடையே தரையோடு தவழ்ந்தது. மலையில் மழை தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. வெள்ளம் வருவதற்குள் எட்டாயிரம் வீரர்களும் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

தென்கரையில் இருங்கோட்டை கறுத்து நின்றது. அதைச் சுற்றிலும் பகைவரின் பாசறைத் தீ. கோட்டையின் மேல்மாடத்து விளக்குகளை மருத்துவச்சி வேம்பி எண்ணினாள். மூன்று. முற்றுகை தொடங்கும் முன்பே பேசி வைத்த அடையாளம் அது. ஒரு விளக்கு என்றால் ஒரு நாள் உணவு. விடியும்போதெல்லாம் ஒன்றை அணைத்துவிடுவார்கள். புளியங்கொட்டையை வேகவைத்துத் தின்கிறார்கள் என்று, நீந்தித் தப்பி வந்த ஒருவன் சொல்லியிருந்தான்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இளவரசரின் கூடாரத்துக்குள் நுழைந்தாள்.

இளவரசர் நல்லதேவர் கட்டிலில் மூன்று கம்பளிகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பற்கள் அடித்துக்கொண்டன. ஆனாலும் அவளைக் கண்டதும் சிரிக்க முயன்றார்.

"வா, வேம்பி. உன் பெயரைப் போலவே கசப்பாக ஏதாவது கொண்டு வந்திருப்பாயே?"

"கசப்பு கஷாயத்தில் மட்டும் இல்லை, இளவரசே. காலைக் காட்டுங்கள்."

வலது தொடையின் இடுக்கில் நெறி கட்டியிருந்தது. நெல்லிக்காய் அளவு, தொட்டால் அனல். அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டிக் கணுக்கால் வரை இறங்கியிருந்தது. வேம்பி அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காயம் சீழ் பிடித்தால் கோடு பாதத்திலிருந்து மேலேறும். படைவீரர்களிடம் அதை நூறு முறை பார்த்திருக்கிறாள். இது மேலிருந்து கீழே இறங்கும் கோடு. ஆற்றோர ஊர்களில் இந்த நோய் எங்கே போய் முடியும் என்பதையும் அவள் பார்த்திருந்தாள்.

கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. போன பௌர்ணமியில் அந்தக் குழி உடனே நிரம்பியது. இன்று அப்படியே நின்றது.

அன்பு வாசகர்களே! வெளியே கூட்டமாய் ரீங்கரித்த அந்தச் சின்னஞ்சிறு கொசுக்களே நூலிழை போன்ற புழுக்களை மனித உடலில் விதைக்கின்றன என்பதும், அவை நிணநீர் ஓடும் வழிகளை அடைக்கின்றன என்பதும் இன்று நமக்குத் தெரியும். வேம்பிக்குத் தெரியாது. தண்ணீரோ, காற்றோ, முன்வினையோ என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் எதையும் நம்பவில்லை. வேறு விடையும் அவளிடம் இல்லை.

"நாளை விடியலில் வீரக்கழல் பூட்ட வேண்டும்," என்றார் இளவரசர்.

கட்டிலருகே மரப்பெட்டியில் அது இருந்தது. ஏழு தலைமுறைப் பொன். இரு பாதிகள் கீலில் சேர்ந்திருக்கும். மறுபக்கம் ஓர் ஆணி. படையெடுக்கும் தலைவனின் வலது காலில், படையின் கண்முன்னே, குறுநிலத் தலைவர்களில் மூத்தவர் தம் கையால் ஆணியைச் செருகுவார். கழல் பூட்டாத கால் படை நடத்தாது. பூட்டிய கழலை, அப்போது எடுக்கும் சபதம் முடியும்வரை கழற்றக் கூடாது.

"மூத்தவர் வெண்காடர் அல்லவா?" என்று வேம்பி மெல்லக் கேட்டாள்.

"அவரேதான். தரையில் கால் வைக்காத மனிதர். யானை மேலேயே பிறந்து யானை மேலேயே மணம் முடித்திருப்பார் போலிருக்கிறது. ஆணி செருக மகனைத்தான் அனுப்புவார். கழல் பூட்டவில்லையென்றால் படை அந்த மகன் கைக்குப் போகும். அவனோ வெள்ளம் வடியட்டும் என்கிறான். வெள்ளம் வடியும்போது கோட்டையில் விளக்கேற்ற யார் இருப்பார்கள்?" நடுக்கம் அவர் குரலைத் துண்டித்தது. "என் தங்கை அங்கே இருக்கிறாள், வேம்பி."

"விடியும்வரை காலை உயர்த்தி வைத்து, விரலிலிருந்து மேல்நோக்கித் துணி சுற்றினால் வீக்கம் வடியலாம். கழல் பூட்டக்கூடும். ஆனால் தாங்கள் எழுந்து நின்றதுமே மீண்டும் வீங்கும். பொன் விரிந்து கொடுக்காது."

"எத்தனை நாள் தாங்கும்?"

அவள் அவருடைய பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் கண்ணிமைக்குமுன் சிவந்தது. ரத்தம் இன்னும் ஓடுகிறது.

"இரண்டு நாள். மிஞ்சினால் மூன்று. பிறகு கால் கறுக்கும். அதன்பின் காலோடு நிற்காது."

"மூன்று போதும்."

"எனக்குப் போதாது!" என்றாள். சொன்ன பிறகே சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. இளவரசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"சுற்று, வேம்பி," என்றார் தணிவாக. "உன் கையால் என்றால் வலிக்காது."

அவள் சுற்றினாள்.

விடியலில் முரசு அதிர்ந்தது. அணிவகுத்த படையின் முன்னே, மணலில் இட்ட பலகையில் இளவரசர் அமர்ந்திருந்தார். துணியை அவிழ்த்தபோது கால் மெலிந்தே தெரிந்தது. வேம்பி முன்வரிசையின் ஓரத்தில் மருந்துப் பையோடு நின்றாள். கழலின் இரு பாதிகளும் காலைத் தழுவின; நெருங்கின; நின்றன.

ஒரு நெல்மணி அளவு இடைவெளி.

பக்கத்தில் நின்ற வேல்வீரன் மூச்சை இழுத்தான். "சேரவில்லையே!" என்ற முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்கு ஓடியது. வெண்காடரின் மகன், முகத்தில் எதையும் காட்டாமல், ஆணியை ஏந்தி முன்னே வந்தான்.

"நில்!"

யானை மேலிருந்து வந்தது குரல். "மூத்தவன் நான் இருக்கிறேன். யானையை அமர்த்துங்கள்."

"தந்தையே, வேண்டாம்!" என்றான் மகன், அடிவயிற்றிலிருந்து.

கிழவர் இறங்கினார். கணுக்கால் மறைய உடுத்தியிருந்த பட்டைத் தாமே முழங்கால் வரை தூக்கிச் செருகினார். எட்டாயிரம் பேரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே அது கால் வடிவமே இழந்திருந்தது. மடிப்பு மடிப்பாய்த் தடித்து, பாறைபோல் வெடித்து, விரல்கள் புதைந்து கிடந்தன. முணுமுணுப்பு அடங்கியது. கழலை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கால் மணலில் இழுபட்டு வருவதையே எல்லோரும் பார்த்தார்கள்.

வேம்பி மட்டும் கழலைப் பார்த்தாள்.

வெண்காடர் இளவரசரின் முன் மண்டியிட்டார். காலைத் தொட்டதும் அவர் கை ஒரு கணம் நின்றது, சூடு சொல்லிவிட்டது.

"எத்தனையாவது காய்ச்சல்?" என்றார், உதடு அசையாமல்.

"ஐந்தாவது."

"எனக்கு முப்பது ஆண்டு. பல்லைக் கடித்துக்கொள், அப்பா."

கிழவரின் முதுகு படையின் பார்வையை மறைத்தது. இரு உள்ளங்கைகளும் பொன்னை நெரித்தன. இளவரசரின் தோல் கீலில் சிக்கிக் கிழிந்தது. ஒரு துளி ரத்தம் மணலில் விழுந்தது. ஆணி உள்ளே போன ஓசை வேம்பிக்கு மட்டும் கேட்டாற்போல் இருந்தது.

"பூட்டியது!" என்று வெண்காடர் முழங்கினார். "இனி என் காலைப் பார்த்தது போதும். ஆற்றைப் பாருங்கள்!"

இளவரசர் எழுந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. குரலில் நடுக்கமும் இல்லை. "இருங்கோட்டையின் கதவை என் கையால் திறக்கும்வரை இதைக் கழற்றமாட்டேன். இந்த ஆற்றின் மீது ஆணை!"

படை ஆர்ப்பரித்தது. வெண்காடர் திரும்பும் வழியில் வேம்பியின் அருகே நின்றார்.

"நீதானே துணி சுற்றியவள்? கால் வீங்கினால் ஆணி பெயராது. அரம் வைத்திருக்கிறாயா?"

"பையில் இருக்கிறது, ஐயா."

"கதவு திறக்கும்முன் அதை வெளியே எடுக்காதே. அவன் மன்னிக்கமாட்டான்." கிழவர் தம் காலைப் பார்த்துக்கொண்டார். "திறந்த பிறகு, அவன் கேட்கும்வரை காத்திருக்காதே."

வேம்பி மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் படகிலேயே ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. கதவு திறக்கும்வரை அரத்தைத் தொடுவதில்லை. திறந்த கணமே கழலை அறுப்பது. அறுக்க நேரம் தப்பினால் அந்தக் கரையிலிருந்து தானும் திரும்புவதில்லை. இதற்கு அவள் எந்த ஆற்றையும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

நடு ஆற்றில், இருங்கோட்டையின் மாடத்தில் ஒரு விளக்கு அணைந்தது. இரண்டு மிச்சம்.

அவள் குனிந்து இளவரசரின் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். நகம் வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணினாள்.

நான்கில் சிவந்தது.