காவியா பேர் எழுதிய சீட்டுகள்

காலையில் எழுதிய மை மத்தியானம் தாண்டியும் காயவில்லை. ஹேமாவதி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். முகர்ந்தால் மை வாசனை இல்லை. ஏரிச் சேற்றின் கவிச்சி.

செத்துப்போன சகாதேவனின் பழைய வீட்டை இடித்தபோது, அவர் புத்தகங்களை மகள் காவியாவுக்காகக் கோட்டைக்குப்பத்துக்குத் தூக்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அந்தக் காலத்து அச்சுச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: படகு விளிம்பில் உட்கார்ந்து குனிந்து படிக்கும் சிறுமி, கீழே உடையவர் பெயர். பழைய படகு வாங்கினால் முந்தின ஆளின் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதுவது குப்பத்து வழக்கம். அப்போதுதான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும். ஹேமாவதியும் பிளேடால் சகாதேவனைச் சுரண்டிவிட்டு, எல்லாச் சீட்டிலும் காவியா என்று எழுதினாள்.

எழுதி முடித்த நேரம் பவுனம்மாள் வந்தாள். அந்தச் சீட்டுக்குப் படம் வரைந்த துளசிங்கத்தின் மனைவி.

"ஒண்ணே ஒண்ணு குடு கண்ணு. அதுல இருக்கறது எம்பொண்ணு. ஏரில போனவ. எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல."

"பிச்சா புக்கு பாழாப்பூடும் ஆயா."

"பேரச் சொரண்டறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டியா? படகுக்கே கேப்பாங்களே."

"யாராண்ட கேக்கறது, செத்தவராண்டயா? உம்பொண்ணு பேரு இதுல எங்க கீது? இனிமே இது எம்பொண்ணுது. கெளம்பு ஆயா, மழ வருது."

கிழவி படியிறங்கிப் போனாள். துண்டுக் காகிதம்தான் கேட்டாள். கடவுளும் சில நேரம் அவ்வளவு சின்னதாகத்தான் கையேந்துகிறார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. தகரக் கூரையின் இரைச்சலுக்கு நடுவே, அலமாரிப் பக்கம் யாரோ ஈரத் தலைமயிரை மெல்ல மெல்லப் பிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹேமாவதி ஒரு புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள். குனிந்திருந்த சிறுமி தலை நிமிர்ந்திருந்தாள்.

அடுத்ததில், எழுந்து நின்றிருந்தாள்.

அடுத்ததில் படகு மட்டும்.

தெருமுனையில் பள்ளிக்கூட ஆட்டோ நின்றது. ஹேமாவதி வாசலுக்கு ஓடினாள். சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் பையோடு, மகள் நின்றிருந்தாள்.

"காவியா!"

வாசலில் நின்றவள், யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா?"

குரல் அலமாரியிலிருந்து வந்தது.

மூடிய புத்தகத்துக்குள்ளிருந்து. பிறகு அடுத்ததிலிருந்து. அடுத்தது.

"பவுனம்மா வூடு எது?" வாசலில் நின்றவள் கேட்டாள். "எங்கம்மா வூடு."

கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. மழையில் இறங்கி நடந்தாள்.

ஹேமாவதி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். படகு விளிம்பைப் பிடித்தபடி, பள்ளிக்கூடச் சீருடையில், ரெட்டைச் சடையோடு காவியா. கழுத்துவரை மைத் தண்ணீர்.

அது ஏறிக்கொண்டிருந்தது.